பள்ளிக்கூடத்துக்காக ஒரு வேலைநிறுத்தம்

ஓர் உரிமையை அரசாணையில் எழுதுவதற்கு அதிகச் செலவு ஆவதில்லை. அதை ஒரு குழந்தையின் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் செலவு ஆகிறது. அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பது பொருளியல் படித்தவர்களின் பழக்கம். பொதுப் பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சமமான இடம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நானும் அதையே கேட்டுக்கொள்கிறேன். உடனே நினைவுக்கு வருபவர், பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்க அனுமதிக்கப்படாத ஒருவர். அவர் பெயர் அய்யன்காளி.

1863 ஆகஸ்ட் 28 அன்று, திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞம் கடற்கரைக்கு அருகிலுள்ள வெங்கானூரில் அவர் பிறந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் அது. அவர் பிறந்த புலையர் சமூகம் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைச் சமூகம். 1855-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால், எட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த அந்தக் குழந்தைக்குப் பொதுச் சாலையும் சந்தையும் பள்ளிக்கூடமும் மூடியே கிடந்தன. முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்துவதுகூடக் குற்றமாகக் கருதப்பட்ட காலம்.

இத்தனைக்கும் கல்வியில் திருவிதாங்கூர் பின்தங்கிய நாடு அல்ல. குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற கருத்தை ராணி கௌரி பார்வதி பாயி 1817-லேயே அரச ஆணையாக வெளியிட்டார். வளர்ச்சிப் பொருளியல் வகுப்புகளில் கேரள மாதிரியைப் பற்றிப் பேசும் எவரும் இந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்குவேன். மன்னர்களின் தாராளம், கிறித்தவ மிஷனரிகளின் உழைப்பு, பின்னாளில் வந்த அரசுகளின் செலவினம் என்று பாடம் நகரும். வருமானம் குறைந்த ஒரு நிலப்பகுதி எழுத்தறிவில் எப்படி முன்னேறியது என்பதற்கு இவை மூன்றும் உண்மையான காரணங்களே. ஆனால், 1817 ஆணை வந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும், அந்த நாட்டின் வயல்களை உழுதவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நின்றார்கள் என்பதை இந்த மூன்று காரணங்களும் விளக்குவதில்லை. அவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பதற்கு நான்காவது காரணம் ஒன்று தேவைப்படுகிறது.

அய்யன்காளியின் பொதுவாழ்வு ஒரு வில்வண்டியில் தொடங்கியது. 1893-இல் அவர் ஒரு வண்டியையும் இரண்டு காளைகளையும் விலைக்கு வாங்கினார். வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை அணிந்து, காளைகளின் கழுத்தில் மணி ஒலிக்க, பொதுச் சாலையில் வண்டியை ஓட்டிச் சென்றார். அவருடைய சமூகத்தைச் சேர்ந்தவர்கள் நடந்துகூடச் செல்ல முடியாத சாலை அது. வண்டியை வாங்கப் பணம் போதுமானதாக இருந்தது. சாலையைப் பயன்படுத்தப் பணம் போதவில்லை. தாக்க வந்தவர்களை அவர் எதிர்கொண்டார். சில ஆண்டுகளுக்குப் பின் தம் தோழர்களுடன் அவர் நடத்திய ஊர்வலத்தில் பாலராமபுரத்தில் பெரும் மோதலே மூண்டது. அடி வாங்கினார்கள், திருப்பி அடிக்கவும் செய்தார்கள். சாலைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன.

அடுத்து அவர் கேட்டது பள்ளிக்கூடம். தாம் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்ததால், எழுத்தின் அருமையை அவர் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, வழக்கில் என்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்பதை அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலையில் உள்ள ஒரு சமூகம், கூலியைக்கூடச் சரிபார்க்க முடியாது. 1904-இல் வெங்கானூரில் ஒரு குடிசைப் பள்ளியைத் தம் மக்களே கட்ட ஏற்பாடு செய்தார். எதிரிகள் அதற்குத் தீ வைத்தார்கள். மீண்டும் கட்டினார்கள். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அரசுப் பள்ளிகளில் தம் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று சங்கம் விண்ணப்பித்தது.

விண்ணப்பங்கள் பலன் தராத நிலையில்தான், சங்கத்தின் தொடக்க ஆண்டுகளில் அந்த வேலைநிறுத்தம் நடந்தது. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்பதே அதன் சாரம். கூலி, ஓய்வு, பொய் வழக்குகளிலிருந்தும் அடி உதையிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவையும் கோரிக்கைகளில் இருந்தன. ஆனால், கூலித் தொழிலாளர்கள் தங்கள் குழந்தைகளின் கல்வியை முன்வைத்து வேலையை நிறுத்தினார்கள் என்பதுதான் இந்தப் போராட்டத்தைத் தனித்துக் காட்டுகிறது. இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு (1926) வெகு காலம் முன்பே நடந்தது இது.

வேலைநிறுத்தத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பட்டினியைத் தாங்கும் ஆற்றல் என்பதைப் பொருளியல் மாணவர்கள் அறிவார்கள். நிலவுடைமையாளரிடம் சேமிப்பு இருந்தது. தொழிலாளியிடம் மறுநாள் கஞ்சிக்கு வழியில்லை. அய்யன்காளி அருகிலிருந்த கடற்கரைக்குச் சென்று மீனவர்களிடம் பேசினார். ஒவ்வொரு படகிலும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, மீன்பாட்டில் பங்கு கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வேறு சமூகத்தைச் சேர்ந்த, தாங்களும் வறுமையில் வாடிய அந்த மீனவர்கள் இசைந்தார்கள். வயல்களில் களை மண்டியது. சேற்றில் இறங்கிப் பார்த்த உடைமையாளர்களுக்கு அந்த வேலை வரவில்லை. ஏறத்தாழ ஓராண்டு நீடித்த போராட்டத்தின் முடிவில், மாஜிஸ்திரேட் ஒருவர் நடுவராக இருந்து சமரசம் செய்துவைத்தார். அதுவரை, குழந்தைகளை வெளியே நிறுத்துவதற்கான விலையைக் குழந்தைகள் மட்டுமே கொடுத்துவந்தார்கள். அந்த ஓராண்டில்தான் முதன்முறையாக, வெளியே நிறுத்தியவர்களும் விலை கொடுக்க நேர்ந்தது.

ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க வேண்டும் என்ற ஆணை 1910-இல் வெளிவந்தது. கல்வித் துறை இயக்குநர் மிட்செலும் திவான் பி.ராஜகோபாலாச்சாரியும் இதற்குத் துணை நின்றார்கள். ஆணை வந்தபின் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றார். ஆணை கையில் இருந்தும் எதிர்ப்பு வெடித்தது. அவள் உட்கார்ந்த பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. தங்கள் பிள்ளைகளும் படித்த கட்டடத்தை எரித்தாவது, இன்னொரு குழந்தை அங்கே உட்காராமல் பார்த்துக்கொள்ளத் துணிந்தார்கள் சிலர். சொந்த நலனைக் கணக்கிட்டே மனிதர்கள் நடப்பார்கள் என்ற அனுமானத்தில் எழுப்பப்பட்டது என்னுடைய துறை. அந்தத் தீயைச் சாதியின் கணக்கைக் கொண்டுதான் விளக்க முடியும்.

எதிர்ப்பு முரடர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. சுதேசாபிமானி இதழின் ஆசிரியர் கே.ராமகிருஷ்ண பிள்ளை, திவானின் ஆட்சியை அஞ்சாமல் விமர்சித்தவர். அதற்காகவே 1910 செப்டம்பரில் அவருடைய அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டு, அவர் நாடு கடத்தப்பட்டார். கார்ல் மார்க்சின் வாழ்க்கையை 1912-லேயே மலையாளத்தில் எழுதியவரும் அவரே. அப்படிப்பட்டவர், அதே 1910-இல், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பதை எதிர்த்து எழுதினார். தலைமுறைகளாக அறிவைப் பண்படுத்தியவர்களின் பிள்ளைகளையும் நிலத்தைப் பண்படுத்தியவர்களின் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்ப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பானது என்பது அவர் வாதம். அவர்களுக்குக் கல்வியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தனியாகக் கொடுங்கள் என்றார். நாகரிகமான மொழியில் சொல்லப்பட்டதாலேயே, இந்த வாதம் தீயைவிட நீண்ட ஆயுள் கொண்டது. நூற்றாண்டு கடந்தும் அது வேறு சொற்களில் நம் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

அய்யன்காளி தம் மக்களுக்காகத் தனிப் பள்ளிகளையும் நடத்தினார் என்பது உண்மை. கதவு திறக்கும்வரை குழந்தைகள் காத்திருக்க முடியாது அல்லவா! ஆனால், தனிப் பள்ளி கிடைத்ததைக் காரணம் காட்டிப் பொதுப் பள்ளியின் மீதான உரிமையை அவர் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பள்ளிகள் பொதுப் பணத்தில் நடந்தன. அந்தப் பணத்தில் வயலில் உழைத்தவர்களின் பங்கும் இருந்தது.

1911-இல் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நெடுங்காலம் அந்தப் பொறுப்பில் இருந்தார். அங்கே அவர் வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால், சேர்க்கை என்பது முதல் படி மட்டுமே என்பதை எவ்வளவு துல்லியமாக உணர்ந்திருந்தார் என்பது விளங்கும். குடியிருக்கவும் பயிரிடவும் அரசின் தரிசு நிலம் கேட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணச் சலுகை கேட்டார். படித்தவர்களுக்கு அரசு வேலை கேட்டார். நிலம் இல்லாத குடும்பத்தின் பிள்ளை பள்ளியில் நிலைக்காது. கட்டணம் கட்ட முடியாத பிள்ளை பாதியில் நின்றுவிடும். படித்தவனுக்கு வேலை இல்லை என்றால் அடுத்த வீட்டுப் பிள்ளை படிக்க வராது. இந்தச் சங்கிலியை எந்தப் பாடநூலும் அவருக்குக் கற்றுத்தரவில்லை.

1937 ஜனவரியில் காந்தி வெங்கானூருக்கு வந்தார். கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாகி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. எழுபத்து மூன்று வயதான அய்யன்காளி, தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையையே அப்போது வெளியிட்டார். 1941 ஜூன் 18 அன்று மறைந்தார்.

அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில், 1943-இல், அதே திருவிதாங்கூரின் உழவூரில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்த இளைஞர் ஒருவர், திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய முதுகலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். பள்ளி நாள்களில் தினமும் நெடுந்தொலைவு நடந்து சென்றவர். கட்டணம் கட்டாததால் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். 1997-இல் குடியரசுத் தலைவரான கே.ஆர்.நாராயணன்தான் அவர். பள்ளிக் கதவைச் சட்டம் திறந்த பிறகும், கட்டணம் அவரை வெளியே நிறுத்தியிருந்தது. அய்யன்காளி கட்டணச் சலுகையை வலியுறுத்தியது ஏன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1910 ஆணைக்குச் சரியாக நூறாண்டுகள் கழித்து, 2010 ஏப்ரல் 1 அன்று, இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று எந்த அரசுப் பள்ளியும் சாதியைச் சொல்லி ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால், வசதி படைத்த குடும்பங்கள் அரசுப் பள்ளியை விட்டு விலகிக்கொண்டே போகின்றன. வெளியேற முடியாதவர்களின் பிள்ளைகள் அங்கே மிஞ்சுகிறார்கள். ராமகிருஷ்ண பிள்ளை கோரிய தனித்தனி வகுப்பறைகளைத் தீயும் ஆணையும் இல்லாமலே கட்டணம் உருவாக்கித் தந்துவிட்டது. இதை முன்கூட்டியே உணர்ந்துதான், எல்லாக் குழந்தைகளும் தங்கள் பகுதியில் உள்ள பொதுப் பள்ளியிலேயே சேர்ந்து படிக்க வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நிறைவேறவில்லை.

சமத்துவம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு செலவிடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் குழந்தைக்கும், வீட்டில் நூலகம் உள்ள குழந்தைக்கும் ஒரே அளவு செலவிட்டால், இருவருக்கும் இடையே உள்ள தூரம் அப்படியேதான் இருக்கும். இடம்பெயர்ந்து வந்த தொழிலாளியின் பிள்ளைக்கு மொழி கற்றுத்தர ஓர் ஆசிரியர் கூடுதலாக வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சாய்தளம் வேண்டும். மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு வண்டி வேண்டும். இவை சலுகைகள் அல்ல. சேர்க்கை ஆணையை உண்மையாக்குவதற்கான செலவுகள். இந்தச் செலவைச் சமூகம் ஏற்க மறுத்தால், அது மறைந்துவிடுவதில்லை. இழந்த கூலியாக, பாதியில் நின்ற படிப்பாக, அந்தக் குழந்தையே வாழ்நாள் முழுவதும் அதைச் செலுத்துகிறது.

ஊரூட்டம்பலம் பள்ளிக்கு இன்று அய்யன்காளி, பஞ்சமி ஆகியோரின் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன. அந்த நாளின் எரிந்த பெஞ்சு ஒன்றும் அங்கே நினைவுச் சின்னமாக இருக்கிறது. பெயர் சூட்டுவதும் சிலை வைப்பதும் நல்லவையே. ஆனால், அய்யன்காளியின் மக்கள் ஓராண்டு கூலியை இழந்து வாங்கிக்கொடுத்தது பொதுப் பள்ளியில் ஓர் இடம். நாம் நம் பிள்ளைகளை அங்கிருந்து அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டு, அந்த இடத்தின் தரத்தைப் பற்றி மேடைகளில் கவலைப்படுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நம் தெருவில் உள்ள அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழு எப்போது கூடுகிறது, அங்கே எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலியாக உள்ளன, எந்தப் பிள்ளை ஒரு மாதமாக வரவில்லை என்று கேட்பதில் அந்த மரியாதை தொடங்கலாம். வரவு செலவுத் திட்டம் வரும்போது, அந்தப் பள்ளிக்கான தொகை ஏன் குறைந்தது என்று உரக்கக் கேட்பதில் அது தொடரலாம்.