பள்ளியையும் வீட்டையும் இணைத்த மாண்டிசோரி அம்மையார்

பள்ளியில் கற்பது பள்ளியோடு நின்றுவிட்டால் அது பாதிக் கல்விதான். அது வீட்டு வாசலையும் எட்ட வேண்டும். இவ்வுண்மையை ஏழை எளியவர்களின் குடியிருப்பிலே செய்து காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவருடைய வாழ்க்கையைச் சற்றே காண்போம்.

இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் ஊரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அம்மையார் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த காலம் அது. தந்தைக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் தாயார் துணை நின்றார். பல தடைகளைத் தாண்டி 1896ஆம் ஆண்டு ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பணி செய்தார். அவர்களுள் சிலர் அவருடைய பயிற்சியால் எழுதப் படிக்கக் கற்று, மற்றக் குழந்தைகளோடு தேர்வு எழுதித் தேறினர். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவரோ, நலமுள்ள குழந்தைகள் ஏன் இன்னும் உயரவில்லை என்று சிந்திக்கலானார்.

ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது வறுமை சூழ்ந்த பகுதி. அங்கே ஒரு கழகம் பழைய அடுக்குக் குடியிருப்புகளைப் புதுப்பித்து ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றதும், கவனிப்பாரற்ற சிறுவர்கள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கினர். அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, அக்கட்டடத்திலேயே ஓர் அறையில் 'குழந்தைகள் இல்லம்' பிறந்தது. சுமார் ஐம்பது குழந்தைகள் சேர்ந்தனர்.

இவ்வில்லத்தின் விதிகள் சுவரில் மாட்டப்பட்டிருந்தன. பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் கடமை உண்டு. குழந்தையைக் குளிப்பாட்டித் தூய உடையில் அனுப்ப வேண்டும். தாய்மார் வாரம் ஒரு முறையேனும் ஆசிரியையைக் கண்டு, குழந்தை வீட்டில் எப்படி இருக்கிறது என்று சொல்லி, அவருடைய ஆலோசனையையும் பெற வேண்டும். பள்ளி வீட்டுக்குச் செய்தி சொன்னது போல, வீடும் பள்ளிக்குச் செய்தி சொன்னது! ஆசிரியையும் அதே குடியிருப்பில் வாழ வேண்டும் என்பது அம்மையாரின் ஏற்பாடு. தாய் எந்த நேரத்திலும் வந்து தன் பிள்ளை கற்பதைப் பார்க்கலாம்.

அப்பெற்றோருள் பலர் எழுத்தறியாதவர்கள். இவ்வளவு சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் முதலில் அம்மையாருக்கு இல்லை. தங்களுக்குக் கிட்டாத எழுத்து தங்கள் பிள்ளைகளுக்காவது கிட்ட வேண்டும் என்று அத்தாய்மாரே வந்து கேட்டனர். அம்மையார் மணல்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பழகச் செய்தார். ஒரு நாள் மொட்டை மாடியில், புகைபோக்கியைச் சுண்ணக்கட்டியால் வரைந்து கொண்டிருந்த ஒரு சிறுவன், திடீரெனச் சொற்களையும் எழுதிவிட்டான்! அவனுக்கே ஆனந்தம் தாங்கவில்லை. அவனைக் கண்டு மற்றவர்களும் எழுதத் தொடங்கினர்.

பிறகு என்ன! அந்த எழுத்து வீடு வரை ஓடிற்று. வீட்டுத் தரையில் எழுத்து, கதவில் எழுத்து, ரொட்டியின் மேலும் எழுத்து! தரையையும் ரொட்டியையும் காப்பாற்றவே சில தாய்மார் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தனர். ஒரு குழந்தை நாள் முழுவதும் எழுதி, இரவில் பென்சிலைக் கையில் பிடித்தபடியே உறங்கிப் போனதாம். புத்தகமே இல்லாத வீட்டுக்குள் எழுத்து நுழைந்த விதம் இதுதான்.

1908ஆம் ஆண்டு டிசம்பரில் மெசீனா நகரைப் பூகம்பம் அழித்தது. அதில் பெற்றோரை இழந்த குழந்தைகளை ரோமில் பிரான்சிஸ்கன் மிஷனரி சகோதரிகள் தங்கள் மடத்தில் ஏற்று, அம்மையாரின் முறையிலேயே வளர்த்தனர்.

அம்மையாருக்கும் நம் தமிழகத்துக்கும் உறவு உண்டு. 1939ஆம் ஆண்டு, தமது 69ஆம் வயதில், மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மரியோவைச் சிறை முகாமில் அடைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளில்தான் மகன் விடுவிக்கப்பட்டார். துன்பத்திலும் அவர் பணியை நிறுத்தவில்லை. பின்பு கொடைக்கானலிலும் குழந்தைகளோடு வாழ்ந்து தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் இறைவனடி சேர்ந்தார்.

தோழியரே! எங்களுள் சிலருடைய தாய்மார் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். பள்ளிச் சுற்றறிக்கையை நாங்கள் வாசிக்க, அவர்கள் கேட்கிறார்கள். மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்குவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? இன்று என்ன கற்றாய் என்று அம்மா கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஓடாமல், அருகில் அமர்ந்து ஒரு பாடத்தையேனும் சொல்லிக் காட்டுவோம். சான் லொரென்சோவின் நான்கு வயதுக் குழந்தைகள் செய்ததை, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நம்மால் செய்ய முடியாதா? நம் வீட்டிலும் ஒரு 'குழந்தைகள் இல்லம்' மலரட்டும்!