வாசலைத் திறந்த வைத்தியர்

படை நடத்தியவர்களுக்குச் சிலை உண்டு. முடி சூடியவர்களுக்குக் காவியம் உண்டு. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குறைமாதப் பிள்ளையின் மூச்சு நின்றுவிடாமல் காத்தவர்களுக்கு என்ன உண்டு? பிழைத்த குழந்தைக்கு அவர் பெயர் தெரியாது. பெற்றவளும் நாளடைவில் மறந்துவிடுவாள். அத்தகைய ஒருவரைப் பற்றித்தான் இன்று நாம் எழுதப்போகிறோம். பெயர், பியேர் பூதேன். நாடு, பிரான்சு. தொழில், பிரசவ வைத்தியம். அவர் கண்மூடி நூறாண்டுக்கு மேலாகிறது. அவர் எழுப்பிய கேள்வி மட்டும் இன்னும் ஆஸ்பத்திரி வாசல்களிலே நின்றுகொண்டிருக்கிறது. நலிந்து பிறந்த குழந்தையைப் பிழைக்கவைக்கும் வேலையில் பெற்றவளுக்குப் பங்கு உண்டா, இல்லையா? அதுதான் அந்தக் கேள்வி.

1846-ம் ஆண்டு நவம்பர் மாதம், பிரான்சின் வடபகுதியில் உவாஸ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார் பூதேன். பாரிசுக்குச் சென்று மருத்துவம் பயின்றார். அவருடைய இளமைக் காலத்திலே, 1870-ல் மூண்ட போரில் பிரான்சு ஜெர்மானியரிடம் தோற்றது. தோற்ற நாடு தன் தொட்டில்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கிற்று. பிறப்பு குறைகிறது, பிறந்தவையும் மடிகின்றன, நாளைக்குத் துப்பாக்கி தூக்க ஆள் எங்கே என்று ஆளவந்தார் கவலைப்பட்டனர். ஏழையின் பிள்ளை மீது அரசாங்கத்துக்கு அக்கறை பிறந்தது அந்த வழியாகத்தான்! நோக்கம் எதுவாயினும், பிள்ளைகள் மடிவது மட்டும் உண்மை.

ஏன் மடிந்தன? பாரிசின் உழைக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். சலவைக்காரி, தையற்காரி, ஆலைத் தொழிலாளி. பெற்ற சில நாட்களிலேயே வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே ஆயிரக்கணக்கான பச்சைக் குழந்தைகள், கூலிக்குப் பாலூட்டும் பெண்களிடம், தொலைதூரக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டன. போனவற்றிலே பல திரும்பவில்லை. 1874-ம் ஆண்டு தியோஃபில் ரூசெல் என்ற டாக்டர், சட்டமன்றத்திலே போராடி ஒரு சட்டம் கொண்டுவந்தார். கூலிக்கு வளர்க்க விடப்படும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அரசு கண்காணிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கண்காணிப்பு வந்தது. ஆனால் தாயையும் பிள்ளையையும் பிரித்த வறுமை அப்படியே இருந்தது.

நிறைமாதப் பிள்ளைகளின் கதியே இப்படியென்றால், குறைமாதத்தில் பிறந்தவற்றின் கதி என்ன? அவற்றைத் துணியில் சுற்றி மூலையிலே கிடத்திவிட்டு, விதி என்று பெருமூச்சு விடுவதே அந்நாளைய வழக்கம். அந்த விதியோடு முதலில் மல்லுக்கு நின்றவர், பூதேனின் ஆசிரியர் தார்னியே. பாரிசின் விலங்குத் தோட்டத்திலே கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியை அவர் பார்த்தார். முட்டைக்குக் கிடைக்கும் கதகதப்பு மனிதக் குஞ்சுக்குக் கிடைக்கக் கூடாதா என்று எண்ணினார். அந்தத் தோட்டத்துக் கருவி வல்லுநரைக் கொண்டே ஒரு பெட்டி செய்வித்து, 1880-ல் மத்தெர்னித்தே என்னும் பிரசவ ஆஸ்பத்திரியில் வைத்தார். வெந்நீரின் சூட்டால் இயங்கிய எளிய பெட்டி அது. 1883-ல் கணக்கு வெளியிட்டார்கள். 2000 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறந்த குழந்தைகளில், முன்னே நூற்றுக்கு 66 மாண்டன. பெட்டி வந்தபின் நூற்றுக்கு 38. கணக்குப் புத்தகத்திலே இது வெறும் இலக்கம். குடிசைக்குள்ளே, நூறு வீட்டில் இருபத்தெட்டு வீட்டு ஒப்பாரி நின்றுபோயிற்று என்று பொருள்!

அந்தத் தார்னியேயின் பட்டறையிலே தயாரானவர் பூதேன். ஆசிரியர் பெட்டியைத் தந்தார். மாணவரோ, பெட்டிக்கு வெளியே நின்றவளைப் பார்த்தார்.

1892-ம் ஆண்டு. பாரிசின் ஷாரித்தே ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதிக்குப் பூதேன் பொறுப்பு. பிரசவம் ஆயிற்று, தாயும் சேயும் நலம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவதோடு வைத்தியனின் கடமை முடிந்தது என்பது அன்றைய நினைப்பு. சில வாரங்களில் அந்தச் சேய் வயிற்றுப்போக்கிலே மாண்டுபோகும். ஆஸ்பத்திரிக்குத் தெரியவும் தெரியாது. பூதேன் அந்த நினைப்பை உடைத்தார். தம்மிடம் பிறந்த குழந்தைகளைத் தாய்மார் வாரந்தோறும் கொண்டுவர வேண்டும் என்றார். குழந்தையை எடை போட்டார்கள். ஏறினால் மகிழ்ச்சி, இறங்கினால் ஏன் என்று தாயிடம் கேட்டார்கள். தாய்ப்பாலையே முதல் மருந்தாக வைத்தார். பால் போதாதவர்களுக்கு மட்டும் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கிய பசும்பால் கொடுத்தார். இன்று ஊர் ஊராக நடக்கும் குழந்தை நல நிலையங்களுக்கு முன்னோடியாக நின்றவற்றில் இதுவும் ஒன்று. நோய் வந்தபின் ஓடிவருவதை விட்டு, நோய் வராமலிருக்க வருவது என்ற வழக்கத்தை ஏழைத் தாய்மாரிடையே உண்டாக்கியது அது.

1895-ல் மத்தெர்னித்தே அவர் பொறுப்பில் வந்தது. அங்கே நலிந்த குழந்தைகளுக்கென்றே 1893-ல் தலைமை மருத்துவச்சி ஆன்றி அம்மையார் தனிப் பகுதி ஒன்றைத் தொடங்கியிருந்தார். பாரிசின் பல பகுதிகளிலிருந்தும் குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே குளிர்ந்து விறைத்துப்போனவை, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நோய் தொற்றி வாடியவை என எத்தனையோ! பெற்றவள் எங்கோ ஒரு மாடி அறையிலே படுத்திருப்பாள். பிள்ளைக்கு வேறொருத்தி பால் கொடுப்பாள். வாரங்கள் ஓடும். பிள்ளை தேறும். ஆனால் தேறிய பிள்ளையை வாங்கிக்கொள்ள வரும் தாயிடம் பால் வற்றியிருக்கும். சில வேளைகளில், வாங்கிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள்.

இரக்கமற்றவள் அந்தத் தாய் என்று சொல்லிவிடுவது எளிது. பூதேன் அப்படிச் சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை. தொடாமல், தூக்காமல், பாலூட்டாமல் வாரக்கணக்கில் விலக்கி வைத்தால் எந்தத் தாயின் மனமும் மெல்ல மெல்ல விலகும் என்று கண்டார். அதைத் தம் நூலிலே எழுதியும் வைத்தார். பிரித்தது வீட்டின் வறுமையும் ஆஸ்பத்திரியின் ஏற்பாடும். பழி மட்டும் பெற்றவள் தலையிலா?

ஆகவே அவர் ஏற்பாட்டை மாற்றினார். நலிந்த குழந்தைக்கு எதிரிகள் மூன்று என வகுத்தார்: குளிர், பட்டினி, தொற்றுநோய். குளிருக்குப் பெட்டி. தொற்றுக்கு, நோயுற்ற குழந்தைகளையும் நோயில்லாதவற்றையும் வெவ்வேறாக வைப்பது. பட்டினிக்குத் தாய்! பிள்ளையைத் தாய் பார்க்கும்படி பெட்டிக்குக் கண்ணாடி வேண்டுமென்றார். தாயை வரச் சொன்னார், பாலூட்டச் சொன்னார். இதிலே ஒரு சிக்கல் உண்டு. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். குறைமாதப் பிள்ளைக்கோ சப்பத் தெம்பு கிடையாது. சப்பாவிட்டால் பால் வற்றும்; பால் வற்றினால் பிள்ளை தேறாது. இதற்குப் பூதேன் கண்ட வழி கிராமத்துக் கிழவியின் புத்திக்கு நிகரானது. திடமான நிறைமாதப் பிள்ளை ஒன்றையும் அந்தத் தாயிடமே பாலருந்த விடுவது! திடமான பிள்ளை இழுக்க, பால் பெருகும். பெருகிய பாலைத் தன் பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாகவோ, மெல்லிய குழாய் வழியாகவோ ஊட்டலாம். அயலார் பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தன் பிள்ளையைக் காத்தாள் தாய். கூட்டுறவு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா?

1898-ல் தார்னியேயின் பேராசிரியர் பதவி பூதேனுக்கு வந்தது. 1900-ல் தம் சொற்பொழிவுகளைத் தொகுத்துப் பால்குடிக் குழந்தையைப் பற்றி நூல் வெளியிட்டார். 1902-ல் சிசு மரணத்தை எதிர்க்கும் சங்கம் ஒன்றை நண்பர்களோடு நிறுவினார். 1907 ஜனவரியில் மார்செய் நகரில் காலமானார். அறுபது வயது. அதே ஆண்டில் அவர் நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

குறையில்லாத மனிதர் என்று அவரைக் கோபுரத்தில் ஏற்றுவது நம் வேலையல்ல. அவருடைய முறையிலே வைத்தியர் சொல்வார், தாய் கேட்பாள். அவள் மாணவி, பங்காளி அல்ல. தகப்பனுக்கோ அங்கே இடமே இல்லை. தாயின் அறியாமையைப் போக்கினால் பாதி நோய் தீரும் என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். வாரந்தோறும் வரச் சொன்னால், வருகிற நாளின் கூலியை யார் தருவது என்ற கேள்வியை எடைத்தட்டு கேட்காது. உழைப்பவர்கள் கேட்டே ஆகவேண்டும்.

அவர் காலத்திலும் அவருக்குப் பின்னும் நடந்ததென்ன? பெட்டியை உலகம் பாய்ந்து எடுத்துக்கொண்டது. தாயை விட்டுவிட்டது! 1896-ல் பெர்லின் கண்காட்சியிலே உயிருள்ள குழந்தைகளோடு பெட்டிகளைக் காட்சிக்கு வைத்தார்கள். காசு கொடுத்தவர்கள் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் அந்தக் காட்சி பல்லாண்டு நடந்தது. குழந்தைகள் பலவும் பிழைத்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் தனிக்கூடங்கள் எழுந்தன. கிருமி வரும் என்ற அச்சத்தால் தாயும் தகப்பனும் ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் நிறுத்தப்பட்டார்கள். பிள்ளையைப் பார்க்கலாம், தொடக்கூடாது! பல நாடுகளில் அரை நூற்றாண்டு இதுதான் சட்டம்.

அந்தக் கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில், கை கழுவி மேலங்கி அணிந்த தாய்மாரைக் குறைமாதக் கூடத்துக்குள் விட்டுப் பார்த்தார்கள். அஞ்சியபடி தொற்றுநோய் பெருகவில்லை என்று 1970-ல் எழுதினார்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் வேறொரு காட்சி. பெட்டிகள் போதவில்லை, ஒரே பெட்டியில் பல பிள்ளைகள். எட்கர் ரே என்ற டாக்டர் பிள்ளைகளை எடுத்துத் தாயின் மார்போடு மார்பாகக் கட்டிவைத்தார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போன்றது என்று அதற்குப் பெயர் வந்தது. இல்லாமையிலே பிறந்த முறை அது. இல்லாதவர்களுக்கு மட்டுமான முறையோ என்று ஐயுற்றவர்களும் உண்டு.

அந்த ஐயத்துக்கு 2021-ல் பதில் வந்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். எல்லாம் 1800 கிராமுக்குக் குறைந்தவை. நிலைமை சீராகட்டும் என்று காத்திருந்து பிறகு தாயிடம் கொடுத்த பிள்ளைகளில், 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 15.7 மாண்டன. பிறந்ததுமே மார்பில் அணைத்து, தாயையும் தீவிர சிகிச்சைக் கூடத்துக்குள்ளேயே தங்கவைத்தபோது நூற்றுக்கு 12. நன்மை இத்தனை தெளிவாகத் தெரிந்ததால், ஆராய்ச்சியை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதப் பிள்ளையின் பராமரிப்பில் குடும்பத்தாரையும் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்திய அரசின் சுகாதாரத் துறையும் 2017-லேயே இதற்கு நெறிமுறை வகுத்து, கை கழுவுவது, பாலூட்டுவது, மார்பில் அணைப்பது, ஆபத்தின் அறிகுறியைக் கண்டுகொள்வது ஆகியவற்றைப் பெற்றோருக்குக் கற்பிக்கச் சொல்லியிருக்கிறது.

காகிதத்திலே கதவு திறந்துவிட்டது. இனிமேல்தான் நம் பங்கு வருகிறது.

கதவு திறந்திருந்தும் நுழைய முடியாதவள் உண்டு. நாற்று நடுபவள், சித்தாள் வேலை செய்பவள், வீட்டிலே இன்னும் இரண்டு பிள்ளைகளை விட்டு வந்தவள். அவளுக்கு ஆஸ்பத்திரியிலே படுக்க இடம் வேண்டும், உண்ணச் சோறு வேண்டும், இழந்த கூலிக்கு ஈடு வேண்டும். பிரான்சும் இதைப் பிறகுதான் உணர்ந்தது. பிரசவத்துக்காக எட்டு வாரம் வராத பெண்ணை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று 1909-ல் சட்டம் வந்தது. கூலியில்லாத ஓய்வு பட்டினிக்கு மறுபெயர் என்று புரிந்து, 1913-ல் ஓய்வோடு உதவித் தொகையும் தரும் சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்ட செனட்டர் போல் ஸ்த்ராஸ், பூதேனோடு சங்கத்தில் உழைத்தவர். வைத்தியர் தொடங்கிய வேலையைச் சட்டந்தான் முன்னெடுத்துச் செல்ல வேண்டியிருந்தது.  பல நாட்டு உழைக்கும் பெண்களுக்கு அது இன்னும் பாதி வழியிலேயே நிற்கிறது.

தோழர்களே! உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிள்ளை கிடந்தால், பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். பெற்றவள் எங்கே படுத்திருக்கிறாள், என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள். அவள் களைத்தால் பிள்ளையை மார்பில் ஏந்தத் தகப்பனை அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். தகப்பன் மார்புக்கும் அதே சூடுதான்! ஒரு நாள் கூலியை விட்டுக் கூடத்துக்குள் செல்லும் ஆண்மகனைப் பார்த்து நகைப்பவன் இருந்தால், அவனுக்கு நூற்றுக்கு எத்தனை உயிர் என்ற கணக்கைச் சொல்லுங்கள். சங்கக் கூட்டத்திலே சம்பளக் கோரிக்கையோடு, பச்சைக் குழந்தைக்காரியின் விடுப்பையும் சேர்த்து எழுதுங்கள்.

பெட்டி சூட்டைத் தரும். பிள்ளை தேறி வீடு சேர்ந்தபின் அந்தச் சூட்டைத் தர வீட்டிலே ஒருத்தி வேண்டும், ஒருவன் வேண்டும். அவர்களை ஆஸ்பத்திரியிலேயே ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதைப் பாரிசின் ஏழைத் தாய்மாரிடையே நின்று கண்டவர் பூதேன். அவருக்குச் செலுத்தும் மரியாதை, தாயைத் தகப்பனை வாசலிலே நிறுத்தாத ஆஸ்பத்திரிதான்.