எல்லைக்கோட்டில் பிறந்த பெருமகன்: அல்பேட் சுவைற்சர்

றைன் நதியின் மேற்கே கிடக்கும் அல்சேஸ் பிரதேசத்தை ஜேர்மனியும் பிரான்சும் மாறி மாறித் தமக்கே உரியதெனக் கொண்டாடின. 1871ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது ஜேர்மனியர் வசமாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1875 ஜனவரி 14ஆம் நாள், அங்குள்ள கைசர்ஸ்பேர்க் என்னும் சிற்றூரிலே ஒரு கிறிஸ்தவ போதகரின் மகனாகப் பிறந்தார் அல்பேட் சுவைற்சர். பிறப்பினால் அவர் ஜேர்மன் குடிமகன். உறவினாலோ இரு நாட்டுக்கும் உரியவர்.

அவர் வளர்ந்த குன்ஸ்பாக் கிராமத்திலே கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் ஒரே தேவாலயத்தில் வழிபட்டனர். வீட்டிலே பேசப்பட்டது ஜேர்மன் இனத்தைச் சார்ந்த அல்சேஸ் வழக்கு; பெற்றோருக்கு அவர் கடிதம் எழுதியதோ பிரெஞ்சு மொழியில். பெரிய தந்தையார் ஒருவர் பிரான்சிலே ஜேர்மன் மொழி கற்பித்து வந்தார். பிற்காலத்தில் தத்துவ எழுத்தாளராகப் புகழ்பெற்ற சார்த்தர் அவருடைய மகள் வயிற்றுப் பேரனே. இசை மேதை பாக் பற்றிய தமது நூலைச் சுவைற்சர் 1905இல் பிரெஞ்சில் வெளியிட்டார். ஜேர்மனில் அதை வேண்டியபோது மொழிபெயர்க்க மனமின்றிப் புதிதாகவே எழுதி 1908இல் அளித்தார்.

முப்பது வயதிலே மருத்துவம் பயிலத் துணிந்த அவர், 1913இல் மனைவி எலேனாவுடன் ஆபிரிக்காவின் லம்பரீனுக்குச் சென்றார். அது பிரெஞ்சுக் குடியேற்ற நாடு. 1914 ஓகஸ்டில் போர் மூண்டதும், நோயாளரின் துயர் துடைக்கச் சென்ற மருத்துவர் பகை நாட்டவராகிக் காவலில் வைக்கப்பட்டார். 1916இல் அவருடைய தாயார் சொந்த ஊர்ப் பாதையிலே படைக் குதிரைகளின் காலடியில் சிக்கி மாண்டார். மறு ஆண்டு கணவனும் மனைவியும் கைதிகளாய்ப் பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1918 ஜூலையிலே விடுதலை பெற்றனர்.

போர் முடிந்ததும் அல்சேஸ் மீண்டும் பிரான்சைச் சேர்ந்தது. சுவைற்சர் பிரெஞ்சுக் குடிமகனானார். ஸ்திராஸ்பூர்க்கில் நெடுங்காலம் வரலாறு கற்பித்த அவருடைய மாமனார் பிரெஸ்லாவோ, ஜேர்மனியர் என்பதனால் அந்நகரினின்றும் வெளியேற்றப்பட்டார். மருமகன் ஒரு நாட்டவர், மாமனார் மறு நாட்டவர். இருவருக்கும் இடையே நின்றவள் எலேனா. போர்க்களத்திலே சாகாதவரையும் எல்லைக்கோடு இவ்வாறு பிரித்தது.

போரின் நடுவே, 1915இல், ஒகோவே ஆற்றிற் படகேறிச் செல்கையில் சுவைற்சரின் உள்ளத்தில் உதித்ததே உயிர்க்கு வணக்கம் என்னும் கொள்கை. எந்நாட்டுக் கொடியையும் நோக்காது உயிரை மட்டுமே நோக்கும் அறம் அது. இந்திய தத்துவம் பற்றி 1935இல் எழுதிய நூலிலே அவர் திருக்குறளின் அன்புநெறியை வியந்து போற்றியமை தமிழர் நெஞ்சில் நிலைத்த செய்தி.

1924இல் அவர் லம்பரீனுக்கு மீண்டு, மருத்துவமனையைப் புதிதாய் எழுப்பினார். 1952ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசின் பணம் தொழுநோயாளர் குடியிருப்புக்குச் செலவாயிற்று. ஆபிரிக்கரை இளைய சகோதரராகவே கருதினார், சமமானவராக ஏற்கத் தயங்கினார் என்ற குறைகூறலும் அவர்மீது உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது.

1965 செப்டெம்பர் 4ஆம் நாள் லம்பரீனிலேயே அவர் கண்மூடினார். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே அந்நாடு காபொன் என்னும் சுதந்திர நாடாகியிருந்தது. மனைவியின் அஸ்தி அடக்கஞ்செய்யப்பட்ட இடத்தருகே அவரும் அடங்கினார். தம்மை உரிமை கொண்டாடிய இரண்டு நாடுகளுக்கும் அப்பால், தாமே தேர்ந்துகொண்ட மண்ணில், எல்லைக்கோட்டின் மைந்தர் நிலையான இடம் பெற்றார்.