நிலப்படத்தில் தாய்நாட்டைக் காத்த ஓலாவுஸ் மாக்னுஸ்

நிலப்படம் என்றவுடன் எல்லைக் கோடுகளும் ஆறுகளும் நகரங்களைக் குறிக்கும் புள்ளிகளுமே நம் பிள்ளைகளின் நினைவுக்கு வரும். ஒரு நாட்டின் நிலத்தோடு அங்கு வாழும் மக்களின் தொழில்களையும், அவர்கள் வழிவழியாகக் கூறிவந்த கதைகளையும் ஒருசேர வரைந்து காட்டிய நிலப்படம் ஒன்று 1539ஆம் ஆண்டில் இத்தாலியின் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. அதனை உருவாக்கியவர் ஓலாவுஸ் மாக்னுஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர். அவருடைய வாழ்க்கை நாம் அறிந்து பயன்கொள்ளத் தக்கதாகும்.

இளமையும் பயணமும்

ஓலாவுஸ் 1490ஆம் ஆண்டு சுவீடனின் லின்செப்பிங் நகரில் பிறந்தார். அவருடைய தமையனார் யோஹன்னஸ். உடன்பிறந்தார் இருவரும் கல்வியில் சிறந்து விளங்கினர். இருவருமே கத்தோலிக்கத் திருச்சபையின் குருமார் ஆயினர். ஓலாவுஸ் ஜெர்மனியில் பல ஆண்டுகள் பயின்று தாயகம் திரும்பினார்.

1518, 1519ஆம் ஆண்டுகளில் திருச்சபைப் பணியின் பொருட்டு அவர் சுவீடன், நார்வே ஆகியவற்றின் வடபகுதிகளுக்குப் பயணம் மேற்கொண்டார். குளிர்காலத்தில் கடலே உறைந்து, வண்டிகள் செல்லும் பாதையாகிவிடும் நிலம் அது. தென்னாட்டு அறிஞர்கள் எட்டிப் பார்த்திராத அவ்விடங்களில் துருவ மான்களை வளர்த்து வாழும் மக்களையும், மீனவர்களையும், வணிகர்களையும் அவர் கண்டார். கண்டவற்றோடு, அவர்கள் கூறிய கதைகளையும் கருத்தில் இருத்திக்கொண்டார். அப்பயணமே அவருடைய பிற்காலப் பணிக்கு முதலாயிற்று.

நாடு இழந்த நிலை

1523ஆம் ஆண்டில் குஸ்தாவ் வாசா சுவீடனின் அரியணை ஏறினார். அவ்வாண்டே யோஹன்னஸ் உப்சாலாவின் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசரின் தூதராக ஓலாவுஸ் உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். ஆனால் சில ஆண்டுகளிலேயே நிலைமை மாறிற்று. அரசர் லூத்தரின் சமயச் சீர்திருத்தத்தின் பக்கம் சாய்ந்தார். 1527இல் திருச்சபையின் உடைமைகள் அரசின் வசமாயின. உடன்பிறந்தார் இருவரும் தங்கள் பழைய நெறியிலிருந்து பிறழவில்லை. அதன் விளைவாக நாட்டையும், பின்னர் 1530இல் தம் உடைமைகளையும் ஓலாவுஸ் இழக்க நேர்ந்தது. இன்று போலந்து நாட்டில் கிடான்ஸ்க் என வழங்கும் டான்சிக் துறைமுக நகரில் இருவரும் தங்கினர்.

1527ஆம் ஆண்டளவில் ஓலாவுஸ் நிலப்படப் பணியைத் தொடங்கினார். தம் நாடு எத்தகையது, அங்கு வாழும் மக்கள் எத்தகையோர் என்பதைத் தென்னாட்டவர்க்கு உணர்த்திவிட வேண்டும் என்னும் வேட்கை அவரை இயக்கிற்று. கால் பதிக்க இயலாத தாயகத்தைத் தாளில் பதித்துவிட அவர் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார்.

ஒன்பது கட்டைகளில் ஒரு நாடு

அந்நிலப்படம் ‘கார்ட்டா மரீனா’ எனப்படுகிறது; கடற்படம் என்பது அதன் பொருள். ஒன்பது மரக்கட்டைகளில் செதுக்கி, ஒன்பது தாள்களில் அச்சிட்டு ஒன்றிணைத்தால் 170 செ.மீ. அகலமும் 125 செ.மீ. உயரமும் உடையதாக அது விரியும். வடஐரோப்பாவை அதுகாறும் வெளிவந்த படங்களைவிட மிகச் செம்மையாக அது காட்டிற்று.

நிலப்பகுதியில் துருவ மானிடம் பால் கறக்கும் பெண், பனிச்சறுக்குப் பலகையில் விரையும் வேடர், பழைய எழுத்துகள் பொறித்த கற்பலகைகளை இரு கைகளிலும் தாங்கிய பழங்கதை வீரன் ஸ்டார்க்காத்தர் எனக் காட்சிகள் நிறைந்துள்ளன. கடற்பகுதியிலோ வியப்புகளுக்கு எல்லையில்லை. நார்வேக் கரையோரம் கப்பலைச் சுற்றி வளைக்கிறது ஒரு பெரும்பாம்பு. மனிதனைக் கவ்விப் பிடிக்கிறது ஒரு பேருருவச் சிங்கி இறால். திமிங்கிலத்தைத் தீவெனக் கருதி, அதன் முதுகில் தீ மூட்டிச் சமைக்கின்றனர் மாலுமிகள். சிந்துபாத்தின் கடற்பயணக் கதையிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டென்பதை வாசகர்கள் நினைவுகூரலாம்.

கதையும் மெய்ம்மையும்

ஓலாவுஸ் தாம் கண்டதையும் பிறர் கூறக் கேட்டதையும் ஒரே கோட்டால் வரைந்தார். ஆர்க்னித் தீவுகளில் மரத்திலிருந்து வாத்துகள் பிறக்கின்றன என்னும் செய்தியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அது மெய்யன்று. எனினும் அவர் கேட்டவை அனைத்தும் பொய்யல்ல. லோஃபோட்டன் தீவுகளின் அருகே கப்பல்களை விழுங்கும் சுழல் ஒன்றை அவர் வரைந்தார். கடல் ஏற்ற இறக்கத்தால் அங்கே வலிய நீரோட்டமும் சுழல்களும் எழுவது உண்மையே.

ஐஸ்லாந்துக்குக் கிழக்கே கடலில் அவர் வரைந்த சுருள் கோடுகள் வெறும் அழகுக்காக இடப்பட்டவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. 2003ஆம் ஆண்டில் கடலியல் ஆய்வாளர் இருவர் அவற்றைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டனர். குளிர்நீரும் வெந்நீரும் சந்தித்துச் சுழலும் இடத்திலேயே அச்சுருள்கள் அமைந்திருப்பதாக அவர்கள் கண்டனர். எழுத்தறியாத கடலோடிகளின் சொல்லுக்குச் செவிசாய்த்த பயன் அது எனலாம்.

இறுதிக் காலமும் படத்தின் மறுவாழ்வும்

1544இல் தமையனார் மறைந்தபின் ஓலாவுஸ் பேராயர் பட்டம் பெற்றார். பட்டம் கிடைத்ததே அன்றி, உப்சாலாவுக்குச் சென்று பணியாற்றும் பேறு கிட்டவில்லை. உரோமாபுரியில் வாழ்ந்த அவர், வடநாட்டு மக்களின் வாழ்வை 22 பகுதிகளில் விரித்துரைக்கும் பெருநூலை 1555இல் வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1557 ஆகஸ்ட் 1ஆம் நாள் அந்நகரிலேயே அவர் இயற்கை எய்தினார்.

அச்சிட்ட நிலப்படங்களோ காலப்போக்கில் கண்ணில் படாமல் மறைந்தன. 1886இல் ஜெர்மனியின் மூனிக் நூலகத்தில் ஒரு படி கண்டெடுக்கப்பட்டது. 1961இல் சுவிட்சர்லாந்தில் மற்றொன்று கிடைத்தது. மறு ஆண்டு உப்சாலாப் பல்கலைக்கழக நூலகம் அதனை வாங்கிற்று. ஓலாவுஸ் திரும்ப இயலாத நாட்டிற்கு அவருடைய படம் திரும்பிச் சேர்ந்தது.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இவ்வாழ்க்கை ஒரு பணியைக் காட்டுகிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளிடம் பெரிய தாள் ஒன்றைக் கொடுத்துத் தம் ஊரை வரையச் சொல்லலாம். குளத்தைப் பற்றியும் குன்றைப் பற்றியும் பாட்டனார் பாட்டியார் கூறும் கதைகளை அந்தந்த இடத்தில் வரையட்டும். தாம் கண்டதற்கு ஒரு வண்ணமும் கேட்டதற்கு மற்றொரு வண்ணமும் தீட்டட்டும். கதையும் காக்கப்படும், கண்டதையும் கேட்டதையும் பிரித்தறியும் பழக்கமும் பிள்ளைகளிடம் வளரும்.