முப்பதைக் கடந்து ஒரு தாவல்

பனிக்கட்டி என்றால் நமக்கு மீன் கடையும் சர்பத் வண்டியும்தான் நினைவுக்கு வரும். அதே பனிக்கட்டியைத் தரையாக்கி, எஃகுத் தகடு பொருத்திய காலணியோடு சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் ஆட்டத்தை நான் நேரில் கண்டதில்லை. ஆயினும் அந்த ஆட்டத்தின் பெருவீரர் ஒருவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வீட்டு வறுமையால் ஓராண்டு செங்கல் சூளையில் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவன் நான். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். முதலாண்டில் இயக்கவியல் தாளில் தோற்றேன். வயதும் போயிற்று, பாடமும் போயிற்று என்று மனம் சோர்ந்திருந்தேன். கோண உந்தம் என்ற பகுதியை மறுபடி படிக்கையில், கைகளை மடக்கிச் சுழலும் சறுக்கு வீரரின் எடுத்துக்காட்டு வந்தது. அதைத் தொடர்ந்து சென்றபோது கிடைத்த பெயர்தான் உல்ரிக் சால்கோவ்.

1877 ஆகஸ்டு 7 அன்று டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பிறந்தவர் சால்கோவ். ஆனால் ஸ்வீடன் நாட்டுக்காகவே ஆடினார். உலகப் போட்டியில் அவருக்கு முதலிடம் எளிதில் வந்துவிடவில்லை. 1897, 1899, 1900 என மூன்று முறை இரண்டாம் இடத்தோடு திரும்பினார். 1901-இல்தான் வெற்றி கிட்டியது. அதன்பின் 1905 வரை ஐந்து முறையும், 1907 முதல் 1911 வரை ஐந்து முறையும் அவரே உலக வெற்றி வீரர். 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இந்த ஆட்டம் சேர்க்கப்பட்டபோது ஆடவர் தங்கமும் அவருக்கே கிடைத்தது.

இத்தனையும் பெற்ற ஒருவர் இனிக் கற்க என்ன இருக்கிறது என்று ஓய்ந்திருக்கலாம் அன்றோ? அக்காலத்தில் பனித்தரையில் காலால் வட்டங்களையும் எட்டுகளையும் பிசகின்றி வரைவதற்கே பெரும் மதிப்பெண். தாவாமலே அவர் காலம் தள்ளியிருக்க முடியும். ஆனால் 1909-இல், முப்பது வயதைக் கடந்த பிறகு, அவர் ஒரு புதிய தாவலை ஆடிக் காட்டினார். இன்றும் அது சால்கோவ் தாவல் என்றே வழங்குகிறது.

அத்தாவலின் அமைப்பைச் சற்றுக் காண்போம். காலணித் தகட்டின் அடியில் நடுவே ஒரு பள்ளம் ஓடும். அதனால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரு விளிம்புகள் உண்டு. வீரர் பின்னோக்கிச் சறுக்கியவாறே ஒரு காலின் உள்விளிம்பில் சாய்கிறார். மறு காலை வீசி முன்னே கொண்டுவந்து எழும்புகிறார். காற்றில் ஒரு முழுச் சுற்று சுற்றி, அந்த மறு காலின் வெளிவிளிம்பில் பின்னோக்கியே இறங்குகிறார்.

வயது வந்தபின் தாவலைத் திருத்திக்கொள்ள முடியுமா என்ற வினாவுக்கு இயற்பியலே விடை சொல்கிறது. 30 சென்டிமீட்டர் உயரம் எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய அரை விநாடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. இளைஞனைப் போல் உயரம் எழும்ப முடியாதவருக்கு நேரம் குறைவுதான். ஆனால் கைகளையும் கால்களையும் உடலோடு ஒட்டி மடக்கினால் நிலைமத் திருப்புத்திறன் குறையும். சுழற்சி வேகம் கூடும். விளிம்பில் பதறாமல் நிற்பது, காலை வீசும் நொடியைத் தவறவிடாமல் இருப்பது, இறங்கும்போது முழங்காலை மடக்கி அதிர்வை வாங்கிக்கொள்வது ஆகிய மூன்றும் பழக்கத்தால் வருபவை. தசையின் வலு குறைந்தாலும் இவற்றை முப்பதிலும் நாற்பதிலும் சீர்படுத்தலாம்.

சால்கோவும் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 1913-இல், 35 வயதில், ஒன்பதாம் முறையாக ஐரோப்பிய வெற்றி வீரரானார். முதல் உலகப்போர் முடிந்து 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் வந்தபோது அவருக்கு வயது 42. மீண்டும் களமிறங்கினார், நான்காம் இடமே கிடைத்தது. அவரைப் பின்தள்ளி வெண்கலம் பெற்ற நார்வே வீரர் மார்ட்டின் ஸ்டிக்ஸ்ருட்டுக்கு வயது என்ன தெரியுமா? 44! அவரை வென்றவர்களுள் அவரினும் மூத்தவர் ஒருவர் இருந்தார் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அதே ஆன்ட்வெர்ப்பில் அமெரிக்க வீராங்கனை தெரசா வெல்ட், சால்கோவ் தாவலை ஆடினார். பெண்ணுக்கு இது அழகன்று என்று நடுவர்கள் எச்சரித்தார்கள். என்றாலும் அவர் வெண்கலம் பெற்றார். 2002-இல் ஜப்பானின் மிகி ஆண்டோ, இதே தாவலில் காற்றில் நான்கு சுற்றுச் சுற்றி இறங்கினார். போட்டியில் நான்கு சுற்றுத் தாவலை முடித்த முதல் பெண் அவரே. அழகன்று எனப்பட்ட தாவல் பெண்களுக்கு வரலாறாயிற்று!

1925 முதல் 1937 வரை சால்கோவ் அனைத்துலகச் சறுக்காட்டச் சங்கத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1949 ஏப்ரல் 19 அன்று ஸ்டாக்ஹோமில் தம் 71-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் பெற்ற தங்கப் பதக்கங்களைப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். முப்பதைக் கடந்து அவர் ஆடிக் காட்டிய தாவலையோ, ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு பனித்தரையில் ஒரு சிறுமியோ, அலுவலகம் முடிந்து வந்த ஒரு நடுவயதுக்காரரோ விழுந்தெழுந்து பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற வாரம் ஆய்வகத்தில் எங்கள் பேராசிரியர் என்னைச் சுழல் நாற்காலியில் அமர்த்தி, இரு கைகளிலும் எடைக்கட்டிகளைக் கொடுத்துச் சுழற்றிவிட்டார். கைகளை மார்போடு அணைத்தேன்; நாற்காலி விரைந்து சுழன்றது. புத்தகத்தில் புரியாதது உடம்பில் புரிந்தது. வரும் பருவத்தில் அந்தத் தாளை மறுபடி எழுதப்போகிறேன். நண்பர்களே, எனக்கு வயது இருபதுதான்!