மயில்துத்தமும் கே. எஸ். கிருஷ்ணனும்

கோலார் தங்க வயல்காரர்களுக்குப் பிப்ரவரி 28 என்றால் சுரங்கம் மூடப்பட்ட நாள். அது நடந்தது 2001-ல். நான் பிறக்குமுன்பே சங்கு ஓய்ந்துவிட்டது. பௌதிகம் படிக்க வந்த பின்னரே, 1928-ல் இராமன் விளைவு கண்டறியப்பட்டதும் அதே தேதியில் என்று அறிந்தேன். அவ்வாராய்ச்சியில் இராமனுக்கு வலக்கையாய் நின்ற கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணனைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்குச் சிறிது சொல்ல விழைகிறேன்.

கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ல் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். கிறித்தவக் கல்லூரியில் ரசாயனப் பயிற்றுநராக இருந்தபோது, பகலுணவு வேளையில் அவர் நடத்திய விஞ்ஞான உரையாடல்களுக்குப் பிற கல்லூரி மாணவரும் வருவர். 1920-ல் கல்கத்தா சென்றார். நம் பாட்டன்மார் வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்ததுபோல அவரும் ஊர்விட்டு ஊர் போனவர்தாம். தோண்டியது மட்டும் வேறு!

1928-ல் புதிய ஒளியைப் பற்றி வெளிவந்த அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930-ல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. அதற்குள் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் காந்தவியலில் இறங்கிவிட்டார். உலகம் அவரை முதல் வேலைக்காக நினைக்கிறது. எனக்கோ இரண்டாவதே பெரிது.

காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே மெல்லிய நூலிழையில் ஒரு சின்னஞ்சிறு படிகத்தைத் தொங்கவிடுவார். இழையை மேலிருந்து முறுக்க முறுக்க, காந்தத்தின் பிடியிலுள்ள படிகம் எளிதில் அசையாது. ஓர் எல்லையில் திடீரெனப் புரண்டுவிடும். அந்த எல்லைக் கோணத்தைக்கொண்டு, திசைக்குத் திசை படிகத்தின் காந்தத்தன்மை எவ்வளவு வேறுபடுகிறது என்று அளந்துவிடுவார். 1933-ல் கல்கத்தாவுக்குத் திரும்பியபின், முகர்ஜி என்பாருடன் சேர்ந்து மயில்துத்தத்தை எடுத்துக்கொண்டார். ஆம், சுண்ணாம்புடன் கலந்து பயிருக்குத் தெளிப்பார்களே, அதே நீலப் பொருள்தான். அதில் ஒவ்வொரு செம்பு அணுவையும் ஆறு பிராணவாயு அணுக்கள் சூழ்கின்றன. நான்கு கிட்ட, இரண்டு சற்று எட்ட. அச்சூழலின் மின்புலம் செம்பின் எலக்ட்ரான்களை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதை, அணுவைக் காணாமலே, படிகம் புரளும் கோணத்திலிருந்து ஆராய்ந்தார்.

1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1947-ல் தில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். தமிழிலும் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். 1961 ஜூனில் மறைந்தார்.

1986-ல் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் செம்பு ஆக்ஸைடு மீகடத்திகளைக் கண்டனர். குளிர்ந்த நிலையில் தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருள்கள் இவை. இவற்றிலும் செம்பும் பிராணவாயுவுமே மூலம். இவற்றில் பெரும்பாலானவற்றில் சில எலக்ட்ரான்களை நீக்கினால்தான் மின்தடை மறையும். நீங்கியவற்றின் காலியிடம் செம்பிலா, பிராணவாயுவிலா? இதற்கு எக்ஸ் கதிர் உட்கவர்தல் விடை தந்தது. சுமார் 530 எலக்ட்ரான் வோல்ட்டில் பிராணவாயு கதிரை விழுங்கத் தொடங்கும். எலக்ட்ரான்களை நீக்க நீக்க, அதற்குச் சற்றுக் கீழே ஒரு சிறு முகடு வளர்கிறது. காலியிடம் பெரும்பாலும் பிராணவாயுவில்தான்! அது எத்திசை நோக்கியது என்றறிய, இன்றும் கதிரின் முன் படிகத்தைத் திருப்பித் திருப்பியே வைக்கிறோம்.