ஊருக்கே ஆயுள் கணித்தவர்... சாகா மருந்துக்குப் பலியானார்! சீன ஜாதகத்தின் முன்னோடி லி ஷூஜோங் கதை

பிறந்த தேதியைச் சொன்னால் போதும். எத்தனை வருஷம் வாழ்வீங்க, பதவி கிடைக்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். நூற்றுக்கு ஒன்றிரண்டுகூட தப்பாது என்று பேர் வாங்கியவர். அவரே 52 வயதில், சாகாமல் இருக்கச் சாப்பிட்ட மருந்தால் உயிரைவிட்டார். அவர்தான் லி ஷூஜோங்.

யார் இவர்?

சீனாவின் டாங் பேரரசில் அரசு அதிகாரி. கடினமான அரசுத் தேர்வில் பாஸாகி, அரண்மனைத் தணிக்கை அதிகாரி வரை உயர்ந்தவர். ஆனா வரலாற்றில் நின்றது அவரது ஜோதிடக் கணக்குதான்.

எப்படிக் கணித்தார்?

இதில் ராசிக்கட்டம் கிடையாது. எல்லாமே காலண்டர் கணக்கு. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்து மூலகங்கள். ஒவ்வொன்றுக்கும் யின், யாங் என இரண்டு வகை; ஆக 10 'வானத் தண்டுகள்'. இவற்றோடு எலி, எருது, புலி எனத் தொடரும் 12 'பூமிக் கிளைகள்' வரிசையாக ஜோடி சேரும்போது 60 ஜோடிகள் கிடைக்கும்.

உதாரணமா, 2000 மார்ச்சில் பிறந்தவரின் ஆண்டு ஜோடி: யாங் உலோகம், டிராகன். இதேபோல மாதத்துக்கும் நாளுக்கும் தனித்தனி ஜோடி உண்டு. இந்த மூன்றிலும் எந்த மூலகம் எதை வளர்க்கிறது, எதை அடக்குகிறது என்று பார்த்து லி பலன் சொன்னார்.

சறுக்கியது எங்கே?

தாவோயிச ரசவாதத்திலும் அவருக்கு ஆர்வம் அதிகம். பாதரசத்தைத் தங்கமாக்கும் ரகசியச் செய்முறை ஒன்று கிடைக்க, மரணமே வராது என்று நம்பி அதைச் சாப்பிட்டார்.

ஒருநாள், பெரிய மலை பிளந்து சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ வழிவதாகக் கனவு கண்டார். மருந்து பலிக்கிறது என்பதற்கான நல்ல சகுனமாக அது சொல்லப்பட்டது. 813-ல் புதிய பதவிக்காகத் தலைநகருக்கு அழைக்கப்பட்டார். வந்து ஒரு மாதம்தான். முதுகில் பெரிய கட்டி கிளம்பியது. சீக்கிரமே இறந்துபோனார்.

கல்லறை வாசகம் எழுதியது அவரது நண்பரும் புகழ்பெற்ற எழுத்தாளருமான ஹான் யூ. சீனக் குறி மரபில் மலை என்றால் முதுகு. அதனால் அந்தக் கனவு கட்டியைத்தான் சொன்னது என்று விளக்கம் எழுதினார். பின்னாளில், இத்தகைய மருந்தால் செத்தவர்களைப் பட்டியலிட்டு எச்சரித்தபோது லியின் பெயரையும் சேர்த்தார்.

அப்புறம் என்னாச்சு?

லியோடு அவர் முறை முடிந்துவிடவில்லை. பிறந்த நேரம் நான்காவது ஜோடியாகச் சேர்ந்தது. பிறந்த நாளின் தண்டையே 'நான்' என்று மையமாக வைக்கும் இன்றைய முறை, ஷூ ஸிபிங் பெயரில் சோங் பேரரசு காலத்தில் பரவியது. நான்கு தூண்கள், எட்டு எழுத்துகள். சீன மொழியில் 'எட்டு எழுத்து' என்றே அதற்குப் பெயர்.

இந்தக் கணிப்புகளுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. பாதரசம் விஷம் என்பதற்கு இருக்கிறது.